சூரியனை டவுன்லோடு பண்ணலாம் வாங்க!

இந்த வாரம் ஒரு கேள்வியோட ஆரம்பிப்போம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டைட்டில் பிடிச்சாச்சா? இல்லை, வழக்கம்போல பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியில இருக்கிற ஏதோ ஒரு ப்ராஜெக்ட் சென்டர்ல காசைக் கட்டி, பைண்டிங் உட்பட ரெடிமேடா வாங்கிடலாம்னு ஐடியாவா?

முறைக்காதீங்க, திட்டுறதுக்காகக் கேட்கலை. இன்ஜினீயரிங் படிக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம்தானே இது! 'முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடும் கருவி', 'பார்க்கிங்கில் காலி இடம் கண்டுபிடிக்கும் சிஸ்டம்'னு வருஷாவருஷம் அதே டைட்டில்கள்தான் சுத்திச் சுத்தி வருது. வைவாவுல எக்ஸ்டர்னல் வந்து, "தம்பி, இந்த ஒரு வரி கோடு எதுக்கு?"னு கேட்டா போதும், மொத்த டீமும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கும்.

இதுக்குச் சோம்பேறித்தனம் மட்டும் காரணம் இல்லைங்க. "நம்ம காலேஜ்ல என்ன பெரிய லேப் இருக்கு? நிஜமான டேட்டாவுக்கு எங்கே போறது?" என்கிற கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாததுதான் பெரிய காரணம். நான் குடவாசல்காரன். கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் நடுவுல, சுத்தி வயலும் வாய்க்காலுமா இருக்கிற ஊரு. இங்கேயிருந்து பார்த்தா 'ரிசர்ச்' என்கிற வார்த்தை பெங்களூரையும் தாண்டி எங்கேயோ இருக்கிற மாதிரிதான் தெரியும்.

ஆனா பாஸ், உலகமே மதிக்கிற ஒரு நிஜ டேட்டா நம்ம தமிழ்நாட்டுலயே இருக்கு. கொடைக்கானல் மலை மேல, வானம் தெளிவா இருந்த நாள்ல எல்லாம், நூறு வருஷத்துக்கும் மேல எடுத்துட்டு வர்ற சூரியனோட போட்டோக்கள்! அதை எல்லாம் ஸ்கேன் பண்ணி, யார் வேணா எடுத்துக்கலாம்னு இலவசமா வெச்சிருக்காங்க. இன்னொரு விஷயம் கேளுங்க. அந்த சூரிய டேட்டாவுக்கும் நம்ம டெல்டாவோட சோத்துக்கும் ஒரு பழைய கனெக்‌ஷன் இருக்கு.

பஞ்சம் எழுப்பிய கேள்வி

தாது வருஷப் பஞ்சம்னு தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீங்க. 1876-லிருந்து 1878 வரைக்கும் சென்னை மாகாணத்தையே சுடுகாடாக்கின பஞ்சம். மழை பொய்த்தது, லட்சக்கணக்கான ஜனங்க பசியில செத்தாங்க. காவிரி பாயுற தஞ்சாவூர்ப் பக்கம் மற்ற மாவட்டங்களோட ஒப்பிட்டா கொஞ்சம் தப்பிச்சதுன்னுதான் சொல்லணும்.

அப்போ லண்டன்ல நார்மன் லாக்கியர்னு ஒரு விஞ்ஞானி இருந்தார். சூரிய ஒளியில ஹீலியம் இருக்கிறதைக் கண்டுபிடிச்சவர்கள்ல ஒருத்தர், 'நேச்சர்' பத்திரிகையை ஆரம்பிச்சவர். அவரும் ஹன்டர் என்கிற அதிகாரியும் சேர்ந்து 1877-ல் ஒரு கட்டுரை எழுதினாங்க. தலைப்பே 'சூரியப் புள்ளிகளும் பஞ்சங்களும்'. சூரியன் மேல தெரியுற கரும்புள்ளிகள் 11 வருஷத்துக்கு ஒரு தடவை கூடிக் குறையுது இல்லையா... அது குறையுற காலத்துலதான் தென்னிந்தியாவுல மழையும் குறையுதுன்னு அவங்க வாதம்.

யோசிச்சுப் பாருங்க. இது மட்டும் உண்மையா இருந்தா, சூரியனைப் பார்த்தே பஞ்சத்தை முன்கூட்டிச் சொல்லிடலாம். நெல்லைச் சேர்த்து வெச்சுக்கலாம். உயிரைக் காப்பாத்தலாம். சூரியனை ஆராய இந்தியாவுல தனியா ஒரு ஆய்வுக்கூடம் வேணும் என்கிற பேச்சு அந்தப் பஞ்சத்துக்கு அப்புறம்தான் சூடு பிடிச்சது. 1893-ல் கொடைக்கானல்தான் இடம்னு முடிவாச்சு. தூசி இல்லாத உசரமான மலை, தெற்குக் கோடியில இருக்கு, வேற என்ன வேணும்? சென்னை நுங்கம்பாக்கத்துல இருந்த பழைய வான் ஆய்வுக்கூடத்துலேர்ந்து கருவிகள் மலையேறின. 1899 ஏப்ரல் 1-ம் தேதி கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் முறைப்படி ஆரம்பமாச்சு. 1901-ல் வேலை தொடங்கி, 1904-லிருந்து தினசரி போட்டோ எடுக்க ஆரம்பிச்சாங்க.

ஒரு 15 சென்டிமீட்டர் லென்ஸ் டெலஸ்கோப்புல சாதாரண வெளிச்சத்துல ஒரு படம். கால்சியம் அணு வெளியிடுற ஊதா நிறத்தை மட்டும் வடிகட்டி இன்னொரு படம். 1912-லிருந்து ஹைட்ரஜனோட சிவப்பு நிறத்துல மூணாவது படம். இவ்வளவுதான் வேலை. காலையில மேகம் விலகினதும் ஷட்டரைத் திறக்கணும், பிளேட்டைக் கழுவணும், கவர்ல தேதியும் நேரமும் எழுதி அடுக்கணும். அடுத்த நாள் மறுபடியும் அதே. ரெண்டு உலகப் போர் வந்துச்சு, சுதந்திரம் வந்துச்சு, டைரக்டர்கள் மாறினாங்க. அந்த வேலை மட்டும் நிக்கலை.

கேள்வி ஃபெயில், டேட்டா பாஸ்!

சரி, மழைக்கும் சூரியப் புள்ளிக்கும் சம்பந்தம் கிடைச்சுதா?

இங்கேதான் கில்பர்ட் வாக்கர் என்ட்ரி கொடுக்கிறார். கேம்பிரிட்ஜ்ல கணக்குல முதல் ஆளா வந்தவர். வானிலை பத்தி எதுவும் படிக்காதவர். அவரை 1904-ல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக்கினாங்க. கொடைக்கானலும் அப்போ அந்தத் துறைக்குக் கீழேதான் இருந்தது. அவர் என்ன பண்ணினார் தெரியுமா? உலகம் பூரா இருந்து காத்தழுத்தம், வெப்பம், மழை, நதி வெள்ளம்னு கிடைச்ச பதிவுகளை எல்லாம் சேர்த்தார். இந்திய குமாஸ்தாக்களை வரிசையா உட்கார வெச்சு, எதுக்கும் எதுக்கும் பொருத்தம் இருக்குன்னு கையாலேயே கணக்குப் போட வெச்சார். நாம இன்னைக்கு 'கோரிலேஷன்'னு ஒரே வரியில கம்ப்யூட்டர்கிட்ட கேட்கிறோமே, அதே கணக்குதான்!

சூரியப் புள்ளியையும் அவர் விட்டு வைக்கலை. மழையோட ஒப்பிட்டுப் பார்த்தார். பெரிசா நம்புற அளவுக்கு ஒண்ணும் தேறலை. பஞ்சத்தை முன்கூட்டிச் சொல்லும்னு எதிர்பார்த்த கேள்வி ஃபெயில்!

ஆனா அதே டேட்டா குவியலுக்குள்ள, யாரும் தேடாத வேற ஒண்ணு இருந்துச்சு. பசிபிக் கடல் பக்கம் காத்தழுத்தம் ஏறினா இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குது. அங்கே இறங்கினா இங்கே ஏறுது. ஊஞ்சல் மாதிரி! 1920-களில் வாக்கர் இதுக்குத் 'தெற்கு அலைவு'ன்னு பேர் வெச்சார். எல் நினோன்னு டி.வி. வானிலைச் செய்தியில வருதே, அதோட மறுபாதி இதுதான். 2023 எல் நினோ வருஷம். தென்மேற்குப் பருவமழை குறைஞ்சு, மேட்டூர்ல தண்ணி பத்தாம நம்ம பக்கத்துக் குறுவை வயல்கள் காய்ஞ்சதை நீங்களே பார்த்திருப்பீங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி குமாஸ்தாக்கள் போட்ட கூட்டல் கழித்தலோட வேர் நம்ம வயல் வரைக்கும் நீளுது பாஸ்.

சின்ன போனஸ் தகவல்: இதே வாக்கர்தான் 1913 பிப்ரவரியில சென்னைக்கு வந்தப்போ, துறைமுக ஆபீஸ்ல கிளார்க்கா இருந்த ஒரு கும்பகோணத்து இளைஞரோட கணக்கு நோட்டைப் பார்த்துட்டு, 'இவருக்கு உதவித்தொகை கொடுங்க'ன்னு சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு லெட்டர் போட்டவர். அந்த கிளார்க் யாருன்னு நான் சொல்லணுமா என்ன? ராமானுஜன்!

வாக்கர் கதை ஒண்ணும் அதிசயம் இல்லை. சூரியப் புள்ளியோட 11 வருஷச் சுழற்சியே இப்படிக் கிடைச்சதுதான். ஜெர்மனியில ஷ்வாபேன்னு ஒரு மருந்துக்கடைக்காரர். சூரியனுக்குப் பக்கத்துல ஒரு புதுக் கிரகம் இருக்கும், அது குறுக்கே போகும்போது கரும்புள்ளியாத் தெரியும்னு நம்பினார். அதைப் பிடிக்கிறதுக்காக 1826-லிருந்து தினமும் சூரியப் புள்ளிகளைக் குறிச்சு வெச்சார். கிரகம் கடைசி வரைக்கும் வரவே இல்லை. ஆனா 17 வருஷத்து நோட்டைப் புரட்டினப்போ, புள்ளிகள் கூடிக் குறையுற ஒழுங்கு தெரிஞ்சது. 1843-ல் வெளியிட்டார்.

இதுல இருந்து ஒரு விஷயம் பிடிபடுதா? கேள்விக்கு ஆயுசு கம்மி, டேட்டாவுக்கு ஆயுசு ஜாஸ்தி. எதுக்காகச் சேர்த்தோமோ அந்தக் கேள்வி செத்துப்போனாலும், ஒழுங்காப் பதிஞ்சு வெச்ச டேட்டா, பத்தாயத்துல போட்டு வெச்ச விதைநெல் மாதிரி காத்துக்கிட்டு இருக்கும். புதுசா ஒருத்தர் வந்து புதுசா கேட்டா மறுபடி முளைக்கும்.

பிளேட்டுல இருந்து ஹார்டு டிஸ்க்குக்கு

கொடைக்கானலுக்குத் திரும்புவோம். இந்த ஆய்வுக்கூடம் இப்போ பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துக்குச் சொந்தம். சுருக்கமா ஐ.ஐ.ஏ. அங்கே இருந்த பிளேட்டுகளையும் பிலிம்களையும் ஒண்ணொண்ணா வெளிச்ச மேஜை மேல வெச்சு, டிஜிட்டல் கேமராவுல படம் பிடிச்சாங்க. ஒவ்வொரு படமும் 4096-க்கு 4096. அதாவது ஒரு கோடியே 67 லட்சம் பிக்சல்! பிக்சலுக்கு 2 பைட்டுன்னு வெச்சா ஒரு படம் சுமார் 33 எம்.பி. மொத்தப் படங்களோட எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டும்.

"இப்போதான் விண்வெளியிலேயே டெலஸ்கோப் இருக்கே, பழைய பிளேட்டு எதுக்கு?"ன்னு கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாசா 2010-ல் அனுப்பின எஸ்.டி.ஓ. செயற்கைக்கோள் ஒரு நாளைக்கு சுமார் ஒன்றரை டெராபைட் சூரிய டேட்டா அனுப்புது. நம்ம ஆதித்யா எல்-1 2023 செப்டம்பர் 2-ம் தேதி கிளம்பிச்சு. அதுல ஐ.ஐ.ஏ. செஞ்சு கொடுத்த கருவி நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு நாளைக்கு 1,440 படம் அனுப்புற மாதிரி டிசைன் பண்ணினது. அளவுன்னு பார்த்தா கொடைக்கானல் ஓரமா நிக்க வேண்டியதுதான்.

ஆனா சூரியன் ஒரு சுழற்சியை முடிக்கவே 11 வருஷம் எடுத்துக்குது. எஸ்.டி.ஓ. இன்னும் ரெண்டு சுழற்சியைக்கூட முழுசாப் பார்க்கலை. ரெண்டு செமஸ்டர் மார்க்கை வெச்சு ஒருத்தனோட வாழ்க்கையைச் சொல்ல முடியுமா? கொடைக்கானல் பத்து சுழற்சிக்கும் மேல பார்த்திருக்கு. எத்தனை கோடி செலவு பண்ணினாலும், 1927-ம் வருஷத்து சூரியனை இன்னைக்குப் போய் போட்டோ எடுத்துட்டு வர முடியாது. அந்த இடத்துல கொடைக்கானலை அடிச்சுக்க ஆளே கம்மி.

பலன் என்ன? 2024-ல் ஐ.ஐ.ஏ. ஆய்வாளர்கள் நூறு வருஷத்து கால்சியம் படங்களை வெச்சு, சூரியனோட மேலடுக்கு எங்கே எவ்வளவு வேகத்துல சுத்துதுன்னு நடுக்கோட்டுல இருந்து துருவம் வரைக்கும் அளந்து காட்டினாங்க. நடுவுல ஒரு நாளைக்கு 13.98 டிகிரி. 80 டிகிரி அட்சரேகைக்குப் போனா 10.5 டிகிரிதான். கால்குலேட்டரை எடுங்க: 360-ஐ வகுத்தா நடுப்பகுதி ஒரு சுத்து முடிக்க சுமார் 26 நாள், துருவப் பக்கம் 34 நாள். ஒரே பந்து, ரெண்டு ஸ்பீடு! சூரியனோட காந்த சேட்டைகளுக்கு இந்த வேக வித்தியாசமும் ஒரு முக்கியக் காரணம். அந்தச் சேட்டை ஓவராப் போனா என்ன ஆகும்னு 2024 மே மாசம் பார்த்தோம். சூரியப் புயல் அடிச்சு, துருவத்துல மட்டும் தெரிய வேண்டிய வண்ண ஒளி லடாக் வானத்துல தெரிஞ்சது. செயற்கைக்கோள், மின்சாரக் கட்டமைப்பு எல்லாத்துக்கும் அது ஆபத்து.

இதுல கவனிங்க, அந்த ஆய்வுக்குப் புதுசா ஒரு பிளேட்டுகூட எடுக்கலை. எல்லாம் நம்ம கொள்ளுத்தாத்தா காலத்துலேர்ந்து சேர்ந்த படங்கள்!

வானத்தையே மொத்தமா ஸ்கேன் பண்றாங்க

சூரியன் ஒண்ணுக்கே இவ்வளவுன்னா மொத்த வானத்துக்கு? முன்னாடி எல்லாம் ஒரு வானியலாளர் ஒரு நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்து, டெலஸ்கோப் நேரத்துக்கு மனுப் போட்டு, ராத்திரி கண் முழிச்சுப் பார்ப்பார். இப்போ வழியே மாறிப்போச்சு. முதல்ல மொத்த வானத்தையும் வரிசையாப் படம் எடுத்துடுறாங்க. கேள்வியை அப்புறம் கேட்கிறாங்க. இதுக்குப் பேர்தான் சர்வே.

2000-ல் வேலையை ஆரம்பிச்ச ஸ்லோன் சர்வே, டேட்டாவை எல்லாருக்கும் திறந்து விட்டது. நாம டி.பி.எம்.எஸ். பேப்பர்ல முட்டி மோதுற எஸ்.க்யூ.எல். இருக்கே, அதே மொழியில வானத்தைக் கேள்வி கேட்கலாம்! ஐரோப்பாவோட கையா விண்கலம் சுமார் 180 கோடி நட்சத்திரங்களுக்கு அட்டவணை போட்டுக் கொடுத்துட்டு 2025 மார்ச்சுல ஓய்வு எடுத்துக்கிச்சு. சிலி நாட்டு மலை மேல இருக்கிற ரூபின் ஆய்வுக்கூடம் 2025 ஜூன்ல முதல் படங்களை வெளியிட்டுச்சு. அதோட கேமரா 320 கோடி பிக்சல். ஒரு ராத்திரிக்கு சுமார் 20 டெராபைட். வானத்துல எது மாறினாலும், எது நகர்ந்தாலும் உடனே தகவல் போகும். அப்படி ஒரு ராத்திரிக்கு ஒரு கோடி தகவல் வரைக்கும் வரலாம்னு கணக்கு. ஒரு கோடியையும் உட்கார்ந்து பார்க்க எந்த விஞ்ஞானியால முடியும்?

நம்ம நாட்டுலயும் இருக்கு. புனே பக்கத்துல 30 ஆன்டெனாக்களோட நிக்கிற ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ டெலஸ்கோப், 2010-லிருந்து 2012 வரைக்கும் வானத்துல 90 சதவிகிதத்தை 150 மெகாஹெர்ட்ஸ்ல ஸ்கேன் பண்ணிச்சு. அந்த டேட்டா ஆவணக் காப்பகத்துல எல்லாருக்கும் கிடைக்கிற மாதிரி இருந்தது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் தாங்களே எழுதின சாஃப்ட்வேரை வெச்சு அதை மறுபடி அலசி, 2017-ல் 6 லட்சத்து 20 ஆயிரம் ரேடியோ மூலங்களோட அட்டவணையை வெளியிட்டாங்க. டெலஸ்கோப் அதே, டேட்டா அதே. புதுசா வந்தது நல்ல கோடு!

அந்தப் படங்களை வெச்சுத்தான் 'ராட் அட் ஹோம்'னு ஒரு அமைப்பு 2013-லிருந்து சயின்ஸ், இன்ஜினீயரிங் படிக்கிற பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் கேலக்ஸிகளைப் பார்க்கப் பயிற்சி கொடுக்குது. அவங்க கண்டுபிடிச்சது சர்வதேச ஆய்விதழ்ல வந்திருக்கு. ஸ்லோன் படங்களைப் பொதுமக்கள்கிட்ட கொடுத்து 2007-ல் ஆரம்பிச்ச 'கேலக்ஸி ஜூ'வுல, ஹானி என்கிற நெதர்லாந்து ஸ்கூல் டீச்சர் "இந்தப் படத்துல ஓரமா ஒரு மேகம் மாதிரி இருக்கே, அது என்ன?"ன்னு கேட்டாங்க. யாருக்கும் பதில் தெரியலை! அது வாயு மேகம், பக்கத்துக் கேலக்ஸியோட மையம் முன்னாடி ஆடின ஆட்டத்தோட வெளிச்சத்துல மினுங்குதுன்னு பிற்பாடு தெரிஞ்சது. இன்னைக்கும் அதுக்கு அவங்க பேர்தான்.

நூறு பொருத்தம் பார்த்தா அஞ்சு பொய்

உடனே "மச்சி, டேட்டாவைக் கொட்டி மெஷின் லேர்னிங்ல போடு, கண்டுபிடிப்பு தானா வரும்"னு கிளம்பிடாதீங்க. ஒரு பெரிய பள்ளம் இருக்கு.

சம்பந்தமே இல்லாத ரெண்டு விஷயத்தை ஒப்பிட்டா, சும்மா அதிர்ஷ்டத்துல பொருந்திப்போக 5 சதவிகிதம் வாய்ப்பு இருக்குன்னு வெச்சுக்கங்க. அப்படி நூறு ஜோடி பார்த்தா சராசரியா அஞ்சு ஜோடி பொருந்தின மாதிரி நடிக்கும். அந்த அஞ்சை மட்டும் ரிப்போர்ட்ல போட்டு, மீதி 95-ஐ மறைச்சா அது ஆராய்ச்சி இல்லை, ஜோசியம். வாக்கர் இதை 1914-லேயே எழுதி எச்சரிச்சார். எத்தனை பொருத்தம் தேடினோமோ, அதுக்குத் தகுந்த மாதிரி நம்புறதுக்கான அளவுகோலையும் உசத்தணும்னார். லாக்கியர் பெரிய விஞ்ஞானிதான். ஆனா ரெண்டு மூணு சுழற்சி டேட்டாவை வெச்சுப் பஞ்சத்துக்குக் கணக்குப் போட்டது தாங்கலை. அந்த எச்சரிக்கை இன்னைக்கு ஒரு கோடி தகவலைச் சலிக்கிற ப்ரோகிராமுக்கும் அப்படியே பொருந்தும்.

ஸ்டார்ட் மியூசிக்!

இப்போ உங்க டர்ன். கொடைக்கானல் படங்களை வெச்சு ஒரு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை எப்படிப் போடலாம்? ஸ்டெப் பை ஸ்டெப் சொல்றேன், நோட் பண்ணிக்கங்க.

முதல்ல, பேராசைப்படாதீங்க. நூறு வருஷத்தையும் இறக்க வேண்டாம். ஒரு மாசம் போதும். 30 படம்னா சுமார் 1 ஜி.பி. மொபைல் டேட்டாவுலயே ரெண்டு நாள்ல இறங்கிடும். ஃபைல்கள் ஃபிட்ஸ் என்கிற வடிவத்துல இருக்கும். 1981-லிருந்து வானியலாளர்கள் பயன்படுத்துற பொது வடிவம் இது. படத்தோட தலையிலேயே எந்தத் தேதி, எந்த டெலஸ்கோப்னு குறிப்பு ஒட்டியிருக்கும். திறக்க பைத்தானும் ஆஸ்ட்ரோபையும் போதும், ரெண்டுமே ஃப்ரீ.

ரெண்டாவது, சூரிய வட்டத்தோட விளிம்பைக் கண்டுபிடிங்க. இமேஜ் ப்ராசஸிங் பேப்பர்ல ஹஃப் டிரான்ஸ்ஃபார்ம்னு மனப்பாடம் பண்ணினது ஞாபகம் இருக்கா? இதுக்குத்தான் அது. மையமும் ஆரமும் கிடைச்சா பாதி வேலை முடிஞ்சது.

மூணாவது, வெளிச்சத்தைச் சரி பண்ணுங்க. சூரியன் நடுவுல பிரகாசமாவும் ஓரத்துல மங்கலாவும் தெரியும். அது இயற்கை. அதைக் கழிக்காம 'இருட்டா இருக்கிறது எல்லாம் புள்ளி'ன்னு ப்ரோகிராம் எழுதினா, விளிம்பு முழுக்கப் புள்ளின்னு சொல்லும்.

நாலாவது, புள்ளியையும் தூசியையும் பிரிங்க. இதுதான் ப்ராஜெக்ட்டோட உயிர். பழைய பிளேட்டு இல்லையா... கீறல் இருக்கும், பூஞ்சை இருக்கும். எப்படிப் பிரிக்கிறது? அடுத்த நாள் படத்தைப் பாருங்க. நிஜப் புள்ளி சூரியனோட சேர்ந்து நகர்ந்திருக்கும். கீறல் மறுநாள் பிளேட்டுல இருக்காது. கேமராவுல ஒட்டின தூசியா இருந்தா, எல்லாப் படத்துலயும் அதே இடத்துல அசையாம உட்கார்ந்திருக்கும்.

அஞ்சாவது, அந்தப் புள்ளி தினம் எத்தனை டிகிரி நகருதுன்னு அளங்க. பூமியும் சூரியனைச் சுத்தி ஓடிக்கிட்டே இருக்கிறதால, நமக்கு ஒரு சுத்து சுமார் 27 நாள் மாதிரி தெரியும். ஆக ஒரு விளிம்புல இருந்து மறு விளிம்புக்கு 13 நாள் சொச்சம். உங்க விடை அதுக்குப் பக்கத்துல வந்துச்சுன்னா காலரைத் தூக்கி விட்டுக்கலாம். வரலைன்னா சூரியனோட அச்சைச் சரி பண்ணினீங்களான்னு பாருங்க. நம்ம பார்வைக்கு அது வருஷம் முழுக்க ரெண்டு பக்கமும் 26 டிகிரி வரைக்கும் சாயும்.

இது வரைக்கும் வந்துட்டா, அடுத்தது ஒரு முழு சுழற்சி. புள்ளிகள் எந்த அட்சரேகையில தோணுதுன்னு வருஷ வாரியா வரைஞ்சா, ஆரம்பத்துல 30 டிகிரி பக்கம் கிளம்பி, வருஷம் போகப் போக நடுக்கோட்டை நோக்கி இறங்கும். ரெண்டு பக்கமும் சேர்த்துப் பார்த்தா வண்ணத்துப்பூச்சி இறக்கை மாதிரி இருக்கும். 1904-ல் லண்டன்ல மாண்டர் தம்பதி வரைஞ்ச அதே படம், உங்க காலேஜ் லேப் மானிட்டர்ல! இடையில மேகம் மூடின நாட்களுக்குப் படமே இருக்காது. அதை இஷ்டத்துக்கு நிரப்பாதீங்க. 'இந்த நாள் டேட்டா இல்லை'ன்னு எழுதுறதும் டேட்டாதான்.

"இதனால கேம்பஸ் இன்டர்வியூவுல வேலை கிடைக்குமா?"ன்னு கடைசி பெஞ்சுல இருந்து ஒரு குரல் கேட்குது. சொல்றேன். விண்வெளி ஆராய்ச்சி வேலை எல்லாருக்கும் கிடைக்காது. ஆனா அழுக்கான நிஜ டேட்டாவைச் சுத்தம் பண்ணத் தெரியுறது, எந்த விடையை நம்பலாம், எதை நம்பக் கூடாதுன்னு சொல்லத் தெரியுறது... ஆஸ்பத்திரி ஸ்கேன், பேங்க் மோசடி, பயிர் இன்ஷூரன்ஸ்னு எங்கே போனாலும் அந்த வித்தை வேணும். ரெடிமேட் ப்ராஜெக்ட்டுல அது மட்டும் பைண்டிங் பண்ணி வராது. எக்ஸ்டர்னல் "இந்த வரி எதுக்கு?"ன்னு கேட்டா, "சார், 1930-ம் வருஷ பிளேட்டுல ஒரு கீறல், அதைப் புள்ளின்னு எண்ணிடாம இருக்க"ன்னு நீங்க சொல்லலாம். அதுக்கு மேல அவர் என்ன கேட்பார்?

ஒரு சின்ன வேண்டுகோள். உங்க கோடு, நீங்க குறிச்ச புள்ளிகள், எங்கே தடுமாறினீங்க என்கிற விவரம், எல்லாத்தையும் ஒழுங்கா எழுதி ஜூனியர்ஸ்கிட்ட கொடுத்துட்டுப் போங்க. கொடைக்கானல்ல குளிர்ல நின்னு கவர் மேல தேதி எழுதி வெச்ச பல பேரோட பேர் நமக்குத் தெரியாது. தேதி மட்டும் இருக்கு. அது போதுமா இருந்துச்சு.

நாலு பேர் டீம், ஒரு லேப்டாப், ஒரு மாசப் படம். இந்த சனிக்கிழமையே ஆரம்பிங்க. முதல் புள்ளி நகர்ந்ததும் எனக்கு எழுதுங்க. அடுத்த வாரம் மீட் பண்ணலாம்!